முதல் அடியோடு நின்றுவிடலாமா?

கடந்த ஆண்டு இங்குள்ள சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையின் மனனப் போட்டிக்கு நேரம் குறிக்கப் போயிருந்தோம். பாடசாலையின் வரவுசெலவுக் கணக்கைப் பார்ப்பவர்கள் நாம் என்பதால், இப்படியான வேலைகளும் எம் தலையில் வந்து சேரும். மத்திய பிரிவுப் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக மேடையேறிப் புறநானூற்றின் 192ஆம் பாட்டைச் சொன்னார்கள். ழகரம் பிசகவில்லை. பெற்றோர் முகத்தில் பெருமை. நடுவர்களின் புள்ளித்தாளில் உச்சரிப்பு, குரல், பாவனை, நேரம் என்று நான்கு நிரல்கள் இருந்தன. பொருளுக்கு ஒரு நிரல் இல்லை.

வீடு திரும்பும்போது காரின் பின்னிருக்கையிலிருந்து எமது கடைக்குட்டி கேட்டாள்: "அப்பா, எல்லா ஊரும் எங்கட ஊர் எண்டால், நீங்களும் அம்மாவும் ஏன் எப்ப பார்த்தாலும் ஊர், ஊர் எண்டு சொல்லுறனீங்கள்?"

எம்மிடம் உடனடி விடை இருக்கவில்லை. நாமும் அந்தப் பாட்டைப் பாடமாக்கி, பதவுரை எழுதி, புள்ளி வாங்கியவர்கள்தான். ஆனால் அதை யாரும் எம்மிடம் ஒரு கேள்வியாக வைத்ததில்லை.

முதலில் பாட்டைப் பார்ப்போம். பாடியவர் கணியன் பூங்குன்றனார். கணியன் என்றால் காலத்தைக் கணித்துச் சொல்பவர். அவருடைய பூங்குன்றம் இன்றைய சிவகங்கை மாவட்டத்து மகிபாலன்பட்டி என்பர். 1894இல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்த பிறகே இப்பாட்டு பரவலாக எல்லோர் கைக்கும் வந்தது. எந்த அரசனையும் இது புகழவில்லை. இதன் துறை பொருண்மொழிக்காஞ்சி. அறிந்தோர் தெளிந்து கண்ட உண்மையை எடுத்துரைப்பது அந்தத் துறை. இது மெய்யியல் பேசும் பாட்டு என்பதைத் துறைக்குறிப்பே சொல்லிவிடுகிறது.

பாட்டு 13 அடி. எல்லா ஊரும் நம் ஊர், எல்லோரும் உறவினர் என்பது முதல் அடியின் கருத்து. மலர்களின் அட்டையிலும் மண்டப வாசலிலும் நாம் எழுதி வைப்பது அதை மட்டும்தான். மீதி 12 அடிகளும் என்ன சொல்கின்றன? நன்மையும் தீமையும் பிறர் தந்து வருவதில்லை. நோவும் அதன் தணிவும் அப்படியே. சாவு புதிதல்ல. வாழ்வு இனிதென்று துள்ளுவதும் இல்லை, வெறுத்துப்போய்க் கொடிதென்று சொல்வதும் இல்லை. மழை பெய்து, கல்லில் மோதி இரையும் பேராற்றில், நீர் போகும் வழியே போகிற தெப்பம்போல உயிரும் முறையின் வழியே போகிறது. இதைத் தெளிந்துகொண்டோம், ஆகையால் பெரியோரை வியப்பதில்லை, சிறியோரை இகழ்வது அதைவிடவும் இல்லை.

அந்த 'ஆகையால்' முக்கியம். கணக்குத் தொழிலில் உள்ளவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். ஐந்தொகையின் கடைசித் தொகையை மட்டும் பார்த்து யாரும் கையெழுத்து வைப்பதில்லை. பேரேட்டைத் திறந்து, அந்தத் தொகை எப்படி வந்தது என்று பார்க்கவேண்டும். இந்தப் பாட்டில் தொகை முதல் அடியில் இருக்கிறது, பேரேடு பின்னால் வருகிறது. எல்லோரும் ஒரே ஆற்றின் தெப்பங்கள், அதனால் உயர்வு தாழ்வு இல்லை, அதனால் எல்லோரும் உறவு. சொந்த ஊரை மறந்துவிடு என்று எந்த அடியும் சொல்லவில்லை. எல்லா ஊரும் ஊர் என்று பாடியவர் இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தன் ஊரின் பெயராலேயே அறியப்படுகிறார். மகளுக்கு நாம் சொன்ன முதல் விடை அதுதான்.

இரண்டாவது கேள்வி அடுத்த கிழமை வந்தது. அது கடினமானது. "தீமை மற்ற ஆக்களால வாறதில்லை எண்டால், குண்டு போட்டது ஆர்?"

முறை என்ற சொல்லுக்கு ஊழ் என்றே வழிவழியாகப் பொருள் கொள்ளப்படுகிறது. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு மழையில் நடந்தவர்கள் நாம். அதை எமது வினை என்று பிள்ளைக்குச் சொல்ல எமக்கு வாய் வராது. பாட்டுப் பிழை என்று மூடிவைக்கவும் மனமில்லை. இந்த இடத்தில்தான் பொருள்கொள்ளல் என்ற கல்வி தொடங்குகிறது. பாட்டு பேசுவது குற்றம் யாருடையது என்பதையா, வந்த துன்பத்தை மனம் எப்படித் தாங்குவது என்பதையா? முதலாவது வழக்கு மன்றத்துக்குரியது, இரண்டாவது மெய்யியலுக்குரியது. நாம் இரண்டாவதாக வாசிக்கிறோம். இன்னொருவர் வேறுவிதமாக வாசிக்கலாம்; பாட்டின் அடிகளைக் காட்டி அதை நிறுவவேண்டும், அவ்வளவுதான்.

இப்படிக் கேட்பது மரபுக்கு விரோதம் என்று சில பெரியவர்கள் நினைக்கிறார்கள். மரபு வேறு சொல்கிறது. உரை என்பதன் 14 கூறுகளை எண்ணும் நன்னூல், சொற்பொருள், உதாரணம் என்பவற்றோடு வினாவையும் விடையையும் சேர்த்தே எண்ணுகிறது. திருக்குறளில் ஊழைவிட வலியது எது என்று கேட்கிறது 38ஆம் அதிகாரம். சோராமல் முயல்பவர் ஊழையே புறங்காட்டச் செய்வர் என்கிறது 62ஆம் அதிகாரம். இரண்டையும் ஒரே நூலில் வைத்தவர் வள்ளுவர்.

புறநானூற்றிலேயே இரண்டு பாட்டுத் தள்ளி, 194ஆம் பாட்டில், பக்குடுக்கை நன்கணியார் என்ற இன்னொரு கணியர் பேசுகிறார். ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு. இப்படி உலகைப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று நேராகவே ஏசுகிறார். ஏசிவிட்டு, இந்த உலகம் கொடியது, அதன் இயல்பை அறிந்தவர் இனியதைத் தேடிக் காணட்டும் என்று முடிக்கிறார். ஒருவர் அமைதி கொள்கிறார், ஒருவர் முறையிடுகிறார். தொகுத்தவர்கள் இருவரையும் அருகருகே வைத்திருக்கிறார்கள்.

ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் நாம் கேட்பது சிறிய மாற்றம். பாடமாக்கலை நிறுத்தவேண்டாம்; மனதில் இருக்கும் பாட்டுத்தான் பின்னொரு நாள் கேள்வியாக எழும். பாடமாக்கிய பிறகு மூன்று கேள்விகளுக்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். பாட்டு என்ன சொல்கிறது? ஏன் அப்படிச் சொல்கிறது? நீ அதை ஒப்புக்கொள்கிறாயா? மூன்றாவதற்குப் பிள்ளை இல்லை என்றால் திட்டவேண்டாம், எந்த அடியில் என்று கேளுங்கள். தமிழில் சொல்ல வராவிட்டால் இந்நாட்டு மொழியில் சொல்லட்டும். சொல்லைப் பிறகு தேடிக் கொடுக்கலாம். புள்ளித்தாளில் பொருளுக்கும் ஒரு நிரல் போடுங்கள்.

எம் வீட்டில் இந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை. கிளாலிக் கடலேரியை இரவில் வள்ளத்தில் கடந்த கதையை மகளுக்குச் சொன்னோம். கேட்டுவிட்டு, "அதை ஓட்டினதுக்கு ஒரு ஆள் இருந்தவர்தானே அப்பா, இந்தத் தெப்பத்தில ஆரும் இல்லையே" என்றாள். பாட்டை மறுபடி எடுத்துப் பார்த்தோம். அவள் சொன்னது சரி. தெப்பத்தில் துடுப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.