தெளிந்த நீரும் தூய நீரும்



இல்லத்தில் கண்ணாடித் தொட்டி அமைத்து மீன் வளர்ப்பது கண்ணுக்கு இனிமையும் அறிவுக்கு வளமும் தரும் நல்ல பொழுதுபோக்காகும். சிறு மீன்களை வளர்ப்போர்க்குத் தொல்லை குறைவு. ஆனால், அமேசான் ஆற்றைத் தாயகமாகக் கொண்ட ஆஸ்கார், 1990களில் நம் மலேசிய நாட்டில் கலப்பினமாக உருவாக்கப்பட்ட லுவோஹான், மலாய் மொழியில் கெலிசா எனப்படும் அரோவானா ஆகிய பெரிய மீன்கள் மிகுதியாக உண்பவை, மிகுதியாகக் கழிப்பவை. ஆஸ்காரும் லுவோஹானும் ஓரடி நீளத்தையும், அரோவானா அதனினும் இருமடங்கையும் எட்டக்கூடியவை. இவை வாழும் தொட்டி நீர் சில நாள்களிலேயே கலங்கிவிடும்.

இதற்குப் பல இல்லங்களில் ஒரே மருந்துதான் கையாளப்படுகிறது. விடுமுறை நாளில் மீனை வாளியில் விட்டு, நீர் முழுவதையும் கொட்டி, கண்ணாடி, கற்கள், வடிகட்டியின் பஞ்சு யாவற்றையும் சவர்க்காரமிட்டுத் தேய்த்து, குழாய் நீரை நிரப்புகின்றனர். நீர் பளிங்குபோல் விளங்குகிறது. ஆனால் ஓரிரு நாள்களில் மீன் நீர்மட்டத்திற்கு வந்து வாயைத் திறந்து தவிக்கிறது. பின்னர் இறந்தும் போகிறது. குழந்தைகள் கண்ணீர் வடிக்கின்றனர். இவ்வளவு சுத்தம் செய்தும் மீன் ஏன் மாண்டது? தெளிந்த நீர் எல்லாம் தூய நீர் அன்று என்பதே இதற்கு விடை. இதனைச் சற்று விளக்கமாகக் காண்போம்.

கண்ணுக்குப் புலப்படாத நஞ்சு

மீன் உண்ணும் உணவிலுள்ள புரதம் உடலில் செரித்த பின்னர், அம்மோனியா என்னும் கழிவாக மாறுகிறது. இதன் பெரும்பகுதி செவுள்களின் வழியாகவே நீரில் கலக்கிறது. உண்ணாமல் எஞ்சிய தீனியும் மலமும் அழுகும்போது மேலும் அம்மோனியா உண்டாகிறது.

ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த நம் பெரியோர்க்கு அம்மோனியாவைப் பற்றிச் சொல்லித் தரவேண்டியதில்லை. வெட்டிச் சேர்த்த பால் உறைந்துவிடாதிருக்க அதில் கலக்கப்படும் மருந்து அதுவே. மூக்கைத் துளைக்கும் அதன் நெடியை அவர்கள் நன்கு அறிவர். மீன்தொட்டியில் அது மிகச் சிறிய அளவில் இருப்பதால் நெடியும் இல்லை, நிறமும் இல்லை. ஆயினும் அச்சிறு அளவே மீனின் செவுள்களை அரித்துவிடப் போதுமானது. ஈப்போவைச் சூழ்ந்துள்ள சுண்ணாம்புக்கல் மலைகளில் ஊறி வரும் நீர்போன்ற காரத்தன்மையுடைய நீரிலும், வெப்பம் மிகுந்த நீரிலும் அதன் நஞ்சு இன்னும் கடுமையாகும்.

நுண்ணுயிர்களின் தொண்டு

இந்நஞ்சை நீக்கும் பணியைச் செய்வோர் பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்கள் ஆவர். ஒருவகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரைட்டும் நஞ்சே, அது மீனின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க இயலாதபடி செய்துவிடும். மற்றொரு வகை நுண்ணுயிர் அந்த நைட்ரைட்டை, தீங்கு மிகக் குறைந்த நைட்ரேட்டாக மாற்றுகிறது. மண்ணில் நிகழும் இவ்விந்தையை 1890ஆம் ஆண்டளவில் வினோகிராட்ஸ்கி என்னும் ரஷ்ய அறிவியலார் ஆராய்ந்து உலகிற்கு விளக்கினார்.

இந்நுண்ணுயிர்கள் பெரும்பாலும் நீரில் மிதப்பவை அல்ல. வடிகட்டியின் பஞ்சிலும் கற்களிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. புதிய தொட்டியில் இவை போதிய அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். சவர்க்காரமும் குழாய் நீரிலுள்ள குளோரினும் இவற்றை ஒரே நாளில் அழித்துவிடும். விடுமுறை நாளில் தேய்த்துக் கழுவியபோது அழுக்கோடு சேர்ந்து இத்தொண்டர்களும் வெளியேறினர். மீன் மட்டும் வழக்கம்போல் கழித்துக்கொண்டிருந்தது. அதன் முடிவையே மேலே கண்டோம்.

செய்யத்தக்கவை

முதலாவது, நீரைச் சிறிது சிறிதாக மாற்றுக. நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியின் கொள்ளளவு 9 கன அடி. அதாவது ஏறத்தாழ 255 லிட்டர். வாரந்தோறும் இதில் கால் பங்கை, அதாவது 10 லிட்டர் வாளியில் ஆறு அல்லது ஏழு வாளி நீரை, அடியில் தங்கிய கசடோடு குழாயினால் உறிஞ்சி எடுத்துவிடலாம். நைட்ரேட்டும் இதனால் குறையும். நைட்ரேட் செடிகளுக்கு உரமாதலால் அந்நீரை வாழைக்கும் கீரைக்கும் ஊற்றலாம்.

இரண்டாவது, வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் கழுவலாகாது. தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே மெல்லப் பிழிந்து கசடை நீக்குக. சவர்க்காரம் அறவே கூடாது.

மூன்றாவது, குழாய் நீரைத் திறந்த பாத்திரத்தில் ஒருநாள் வைத்திருந்து பின்னர் ஊற்றுக. நீரில் குளோரினுக்குப் பதிலாகக் குளோராமின் கலந்திருந்தால் அது எளிதில் ஆவியாகாது. ஆகவே மீன் கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கியைச் சொன்ன அளவில் கலப்பதே பாதுகாப்பானது.

நான்காவது, தீனியை அளவோடு இடுக. இரண்டு மூன்று நிமிடங்களில் மீன் உண்டு முடிக்கும் அளவே போதும். எஞ்சியதை உடனே வலையால் எடுத்துவிடவேண்டும். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்பது மீனுக்கும் பொருந்தும்.

நீரின் நிறமும் நமக்குச் செய்தி கூறும். வெண்மையாகக் கலங்கினால், தொட்டி புதியது அல்லது தீனி மிகுந்துவிட்டது எனலாம். பச்சையாக மாறினால், வெயிலும் நைட்ரேட்டும் மிகுந்து பாசி பெருகியுள்ளது என்பது பொருள். தொட்டியைச் சன்னலருகே வைக்காதீர்.

துப்புரவு மீன் என்னும் மயக்கம்

தொட்டியைத் தூய்மை செய்யும் என நம்பிப் பலர் 'இக்கான் பண்டாராயா' எனப்படும் உறிஞ்சுவாய் மீனை வாங்கி விடுகின்றனர். அது கண்ணாடியில் படிந்த பாசியைத் தின்னும் என்பது உண்மையே. ஆனால் பெரிய மீனின் கழிவை அது தின்பதில்லை. தானும் ஓரடிக்குமேல் வளர்ந்து மேலும் கழிவையே சேர்க்கிறது.

வளர்ந்துவிட்ட மீனை எங்கே விடுவது?

மீன் பெரிதாகித் தொட்டி போதாமற்போகும்போது சிலர் அதனை ஆற்றிலோ குட்டையிலோ விட்டுவிடுகின்றனர். மீனுக்கு விடுதலை அளித்ததாக அவர்கள் மகிழ்வதுண்டு. அது நற்செயல் அன்று.

நம் லகாட்டைச் சுற்றியுள்ள கிந்தா பள்ளத்தாக்கு முழுவதும் பழைய ஈயலம்பங்கள் விட்டுச்சென்ற குட்டைகள் நிறைந்துள்ளன. 1985ஆம் ஆண்டில் உலகச் சந்தையில் ஈய விலை வீழ்ந்தபின் எஞ்சியிருந்த சுரங்கங்கள் பலவும் மூடப்பட்டன. குட்டைகள் மட்டும் நிலைத்தன. அவற்றில் இன்று தென் அமெரிக்காவின் பீகாக் பாஸ் போன்ற அயல்நாட்டு மீன்கள் பெருகி, நம் நாட்டுச் சிறு மீன்களை இரையாக்கி வருகின்றன. இக்கான் பண்டாராயாவும் மலேசிய ஆறுகள் பலவற்றில் பரவிவிட்டது. மாறாக, நம் பேராக் மாநிலத்துப் புக்கிட் மேரா ஏரிக்கே பெருமை சேர்த்த கெலிசா மீனோ இயற்கையில் அருகிவிட்டது. அதன் அனைத்துலக வணிகம் 1975 முதல் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது.

ஆகவே, வளர்க்க இயலாத மீனை விற்பனையாளரிடமோ, பெரிய தொட்டி உடைய நண்பரிடமோ ஒப்படைப்பதே முறை. வாங்குமுன்னரே அது எவ்வளவு வளரும் என்று கேட்டறிவது அதனினும் சிறந்தது.

மாணவர்களே! கண்ணாடித் தொட்டியில் அடைபட்ட மீன் நீரைத் தேடி வேறிடம் செல்ல இயலாது. நாம் தரும் நீரே அதற்கு உலகம். கண்ணுக்குத் தெளிவாய்த் தோன்றுவதோடு மனநிறைவு கொள்ளாது, கண்ணுக்குத் தெரியாதவற்றையும் அறிந்து, நம்மை நம்பி வாழும் உயிரைப் பொறுப்புடன் காப்போமாக!