அரைத்தாள் பலம்

விடுதி உணவுக் கூடத்தில் ஒரு நாள் அயனி எஞ்சினைப் பற்றிப் பேச்சு வந்தது. “அதன் உந்துவிசை எவ்வளவு?” என்று கேட்டார் பொருளாதாரம் பயிலும் நண்பர். “நாம் எழுதும் தாளில் பாதியைத் தூக்கும்” என்றேன். சாம்பார் புரையேறும்படி சிரித்தார். “இதை வைத்துக்கொண்டா ஐயா விண்வெளியில் உலாவப் போகிறீர்கள்?” என்றார். அன்று அவருக்குச் சொல்ல வாய்க்காததை இங்கே எழுதுகிறேன்.

இந்த எஞ்சினால் தரையை விட்டுக் கிளம்ப முடியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அதற்கு நெருப்பைக் கக்கும் ராக்கெட்டுத்தான் வேண்டும். அயனி எஞ்சினின் வேலை மேலே போன பிறகே தொடங்குகிறது.

படகிலிருந்து கரைக்குத் தாவுகிறவன் படகைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறான் அல்லவா? எந்த ராக்கெட்டும் இப்படித்தான் எதையேனும் பின்னால் வீசித் தான் முன்னே செல்கிறது. வீசும் வேகம் மிகுந்தால், வீசும் பொருள் குறைந்தாலும் போதும். எரிபொருளை எரித்து வரும் வாயு நொடிக்கு 3, 4 கிலோமீட்டர் வேகத்தில் பாயும். அயனி எஞ்சின் எதையும் எரிப்பதில்லை. செனான் வாயுவின் அணுவிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பிடுங்குகிறது. அதை இழந்த அணு நேர்மின்னேற்றம் பெறுகிறது, அதுவே அயனி. நுண்துளைகள் கொண்ட சல்லடைத் தகடுகளில் ஆயிரம் வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் கொடுத்தால், அயனிகள் நொடிக்கு 30 கிலோமீட்டருக்கும் அதிகமான வேகத்தில் வெளியே பாய்கின்றன. வேண்டிய மின்சாரத்தைச் சூரிய ஒளி தருகிறது.

பிடுங்கிய எலெக்ட்ரான்களை என்ன செய்வது? வைத்துக்கொண்டால் கலத்தில் எதிர்மின்னேற்றம் ஏறி, வெளியேறிய அயனிகளையே திரும்ப இழுத்துக்கொள்ளும். ஆகவே எஞ்சினின் பக்கத்தில் ஒரு சிறு கருவி, அயனித் தாரையின்மீது எலெக்ட்ரான்களைக் கொட்டிக்கொண்டே இருக்கும். அதன் பெயர் நடுநிலையாக்கி. முதலில் படித்தபோது இதை நான் அடிக்குறிப்பைப் போலக் கடந்து சென்றேன். ஒரு கலத்தின் உயிரே இதில் தொங்கியது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

அக்கலம் ஜப்பான் 2003 மே 9 அன்று அனுப்பிய ‘ஹயபுசா’. வல்லூறு என்று பொருள். எடை 510 கிலோ. அரைக் கிலோமீட்டர் நீளமுள்ள ‘இட்டோகவா’ என்னும் சிறுகோளில் மண்ணெடுத்து வருவது அதன் பணி. ஏ, பி, சி, டி என நான்கு அயனி எஞ்சின்கள். மூன்று சேர்ந்து ஓடினால் கிடைப்பது சுமார் 2½ கிராம் எடைக்குச் சமமான விசை. ஒரு நாள் முழுதும் ஓடினால் வேகம் நொடிக்கு 4 மீட்டர் கூடும். நாம் வகுப்புக்குச் சைக்கிள் மிதிக்கும் வேகம்! ஆனால் மறுநாள் இன்னொரு 4, அதற்கு மறுநாள் இன்னொரு 4 என்று மாதக்கணக்கில் சேர்கிறது. தடுக்கக் காற்றும் இல்லை.

2005-ல் ஹயபுசா சிறுகோளைத் தொட்டது. பிறகு தொல்லைகள் தொடர்ந்தன. திசை காக்கும் மூன்று சக்கரங்களில் இரண்டு ஏற்கெனவே பழுது; எரிபொருளும் கசிந்து போயிற்று; ஏறத்தாழ ஏழு வாரம் கலத்திலிருந்து பேச்சே இல்லை. 2007-ல் திரும்ப வேண்டியது 2010-க்குத் தள்ளிப் போயிற்று. 2009 நவம்பர் 4 அன்று டி எஞ்சினும் நின்றது. அதன் நடுநிலையாக்கி தேய்ந்துவிட்டது. சி தளர்ந்திருந்தது. பி-யின் நடுநிலையாக்கி முன்பே கெட்டிருந்தாலும், அயனி செய்யும் பகுதி நன்றாக இருந்தது. ஏ-யை, கிளம்பிய சில நாளிலேயே ஒதுக்கிவிட்டார்கள். அதனால் அதன் நடுநிலையாக்கி அதிகம் உழைக்காமல் இருந்தது.

எஞ்சினை உருவாக்கிய குனினாகா ஹிதோஷியின் குழுவினர், கட்டும்போதே இரண்டு எஞ்சின்களின் மின்சுற்றுகளை இணைக்க ஒரு சிறு டையோடை வைத்திருந்தார்கள். இப்போது பி-யின் அயனிகளுக்கு ஏ-யின் எலெக்ட்ரான்கள் துணை போயின. ஒரு சைக்கிளின் முன்சக்கரத்தையும் இன்னொன்றின் பின்சக்கரத்தையும் பூட்டி ஓட்டியதைப் போலத்தான்.

இந்த ஒட்டு எஞ்சின் கலத்தைப் பூமிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. 2010 ஜூன் 13 இரவு மண் இருந்த பேழை ஆஸ்திரேலியாவின் ஊமெரா பாலைநிலத்தில் இறங்கியது. ஹயபுசா வளிமண்டலத்தில் எரிந்து மறைந்தது. பேழையில் 1500-க்கும் மேற்பட்ட நுண்துகள்கள் கிடைத்தன. 2014-ல் கிளம்பிய ஹயபுசா-2-இல் நடுநிலையாக்கியின் ஆயுளைக் கூட்டினார்கள்.

இதை நண்பருக்குப் படித்துக் காட்டினேன். இம்முறை சிரிக்கவில்லை. “அந்த டையோடு என்ன விலை இருக்கும்?” என்று கேட்டார்.