சதுரங்கப் போட்டியும் முன்கணிப்பும்

வருவதை முன்னரே அறிய விழைதல் மனித இயல்பு. சதுரங்கத்தின்கண் அவ்விழைவு மேலும் வலுப்பெறுகின்றது. தாயம் உருட்டும் ஆட்டங்களிற் போல் இங்கே தற்செயலுக்கு இடமில்லை. காய்கள் யாவும் இருவர் கண்முன்னும் உள்ளன. ஆகவே, வல்லவரே வெல்வர் எனத் துணிந்து கூறலாம் என்று பலர் எண்ணுவர். அவ்வெண்ணம் எத்துணைப் பொருந்தும் என்பது ஆராயத்தக்கது.

ஆட்டக்காரரின் வன்மையை எண்ணால் அளக்கும் முறையொன்றை வகுத்தவர், அங்கேரியிற் பிறந்து ஐக்கிய அமெரிக்காவிற் பௌதிகப் பேராசிரியராக விளங்கிய ஆர்பாட் ஈலோ என்பார். உலகச் சதுரங்கச் சம்மேளனம் 1970ஆம் ஆண்டில் அதனை ஏற்றுக்கொண்டது. வெற்றிக்கு ஒன்றும், சமநிலைக்கு அரையும் பெறுபேறாகக் கொள்ளப்படும். தரப்புள்ளியில் இருவரும் ஒப்பராயின், ஒவ்வொருவரும் எதிர்பார்க்கத்தக்கது நூற்றுக்கு 50. 100 புள்ளி மிக்கவர் 64ஐயும், 200 புள்ளி மிக்கவர் 76ஐயும் எதிர்பார்க்கலாம். ஆயின் இது பல ஆட்டங்களின் சராசரியேயன்றி ஓர் ஆட்டத்தின் முடிபன்று.

தோற்றவர் உடனே விலகும் போட்டியில் இவ்வேறுபாடு பெரிதாகின்றது. உலகக் கிண்ணப் போட்டியின் ஆரம்பச் சுற்றுக்களில் இருவர் மோதுவது இரண்டு ஆட்டங்களில் மட்டுமே. சமநிலை நேரின் விரைவாட்டங்கள் முடிவு செய்யும். ஒரு பிழை நேரின், அதனை ஈடுசெய்ய எஞ்சும் வாய்ப்பு மிகச் சிறிது. மேலும், 128 பேர் கூடும் போட்டியில் வாகை சூட 7 சுற்றுக்களில் இடையறாது வெல்லல் வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் வெல்லும் நிகழ்தகவு நூற்றுக்கு 90 ஆயினும், ஏழினையும் வெல்லும் நிகழ்தகவு ஏறத்தாழ 48. அது 80 ஆயின் 21 மாத்திரமே. எனவே, போட்டியாளருள் மிக்க வாய்ப்புடையவரே வெல்லாது போதல் இயல்பாகும்.

வரலாறும் இதற்குச் சான்று பகரும். 2004இல் திரிப்பொலியில் நடந்த உலக வீரர் போட்டியில் வாகை சூடிய உசுபெக்கித்தான் நாட்டுக் காசிம்சானோவ், தரவரிசையில் 28ஆம் இடத்திலிருந்தவர். 2017ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில், அக்கால உலக வீரரான நோர்வே நாட்டுக் கார்ல்சன் மூன்றாஞ் சுற்றிலேயே தோற்றார். 2023இற் பக்கூ நகரிலே, 31ஆம் இடத்திலிருந்த சென்னை இளைஞர் பிரக்ஞானந்தா, தரவரிசையில் இரண்டாமவரான நக்கமுராவையும் மூன்றாமவரான கருவானாவையும் வென்று இறுதியாட்டத்தை எய்தினார். அங்கும் முதலிரு ஆட்டங்கள் சமநிலையாயின. விரைவாட்டத்திலேயே கார்ல்சன் அவரை வென்றார்.

ஆயின் முன்கணிப்பு வீண் முயற்சியோ எனின், அன்று. நூற்றுக்கு 70 என்று ஒருவர் கூறுவாராயின், அத்தகைய நூறு நிகழ்ச்சிகளில் ஏறக்குறைய எழுபது அவ்வாறே முடிகின்றனவா என்று நோக்கியே அவரை மதித்தல் வேண்டும். கார்ல்சன் வெல்வார் என 2023இற் கூறியவர் தீர்க்கதரிசியுமல்லர். 2017இல் அவ்வாறே கூறியவர் பேதையுமல்லர். ஒரு முடிபை மாத்திரம் கொண்டு கணிப்பினைப் புகழ்தலும் இகழ்தலும் அறிவுடைமையாகா. அறியாமையின் அளவையும் அளந்து கூறுவதே நல்ல கணிப்பின் இலக்கணமாகும்.