நெல் வெட்டும் பதம்

மூன்று நான்கு மாதம் பாடுபட்டு விளைவித்த நெல்லில் ஒரு பகுதியைக் கமக்காரர் இறுதி இரண்டு வாரங்களில் இழந்துவிடுதல் உண்டு. இதற்குக் காரணம் நோயோ பூச்சியோ அன்று. வெட்டும் நாள் தவறுதலேயாம்.

கதிர் அடிவரை பழுத்த பின்னரே வெட்டவேண்டும் எனப் பலர் எண்ணுகின்றனர். நெற்கதிர் நுனியிலிருந்து அடிநோக்கி முற்றுவது. அடிமணிகள் யாவும் பழுக்கும்வரை காத்திருப்பின் நுனிமணிகள் மிகை முற்றி உதிரும். ஆகவே, நூறு மணிகளில் 80 முதல் 85 வரை வைக்கோல் நிறம் பெற்று, அடிமணிகளும் கடினமடைந்திருப்பதே தகுந்த பதமாகும். கதிர் பூத்து ஏறத்தாழ 28 முதல் 35 நாட்களில் இப்பதம் வரும். அப்பொழுது நெல்லின் ஈரப்பதன் நூற்றுக்கு 20 முதல் 25 வரை இருக்கும்.

முந்தி வெட்டினால் சப்பியும் பச்சைமணியும் மிகும். அவை ஆலையில் நொறுங்கித் தவிடாகும். பிந்தினால் நட்டம் இருவகைப்படும். முதலாவது, மணி உதிர்தல். இரண்டாவது, மணியினுள் வெடிப்பு ஏற்படுதல். காய்ந்த மணி இரவுப் பனியை உறிஞ்சி மறுநாள் வெயிலில் மீண்டும் உலரும்போது அரிசி உள்ளே வெடிக்கின்றது. வெளித்தோற்றத்திற் குறை தெரியாது, குற்றும்போது குறுநொய்யாகும். புழுக்கும்போது இவ்வெடிப்பு ஓரளவு ஒட்டும். பச்சையரிசிக்குக் குற்றும் நெல்லுக்கு அவ்வாய்ப்பில்லை.

வெட்டுவதற்கு 7 முதல் 10 நாட்களுக்கு முன் வயல் நீரை வடித்தல் வேண்டும். கதிர் ஒருசீராக முற்றும், நிலமும் இறுகும். அரிவாளால் வெட்டிய கதிரை ஈரத்துடன் சூடாகக் குவித்து வைத்தலாகாது. குவியல் வெப்பமடைந்து அரிசி மஞ்சளாகும். இயந்திரத்தால் வெட்டிய நெல்லும் ஈரமானதே. அதனைச் சாக்கிற் கட்டி வைக்காது, 24 மணி நேரத்துள் உலர்த்தத் தொடங்குக.

சுத்தமான களத்தில் 2 முதல் 4 சென்ரிமீற்றர் கனத்திற் பரப்பி, அரைமணிக்கொருமுறை கிளறி, இரவில் மூடுதல் நன்று. தார் வீதியிற் பரப்பினால் கல்லும் மண்ணும் கலப்பதோடு, கடுஞ்சூட்டால் மணியும் வெடிக்கும். ஈரப்பதன் நூற்றுக்கு 14க்கு இறங்கிய பின்னரே களஞ்சியப்படுத்துக.

பதம் வந்தபின் ஆளையும் இயந்திரத்தையும் தேடப் புகுந்தால் நாட்கள் கழிந்துவிடும். எனவே, வயலிற் பெரும்பாலான கதிர்கள் பூத்த நாளைக் குறித்து வைத்து, வெட்டுக்குரியவற்றை அன்றே ஒழுங்கு செய்யத் தொடங்குக.