"புரியலை சார்!" – கலாம் கிளாஸுக்கு ஒரு கரிசல் குட்பை

சின்னதா ஒரு டெஸ்ட். உங்க காலேஜ் ஆடிட்டோரியத்துல கெஸ்ட் லெக்சர். பேச வந்தவர் ஒரு மணி நேரம் வெளுத்து வாங்கிட்டு, ஒரு மடக்கு தண்ணி குடிச்சுட்டு, "எனி கொஸ்டீன்ஸ்?"னு கேட்கிறார். நீங்க என்ன பண்ணுவீங்க?

அ) குனிஞ்சு ஷூ லேஸ் கட்டுவீங்க.
ஆ) பக்கத்து சீட் பார்ட்டியை முழங்கையால இடிச்சு, "டேய், நீ கேளுடா"ம்பீங்க.
இ) கேன்டீன்ல பப்ஸ் தீர்ந்திருக்குமோன்னு கவலைப்படுவீங்க.
ஈ) எழுந்து நின்னு கேள்வி கேட்பீங்க.

'ஈ'க்கு டிக் அடிச்சவங்க எல்லாம் கையைத் தூக்குங்க பார்ப்போம்... அட, என்னப்பா இப்படி ஒரு நிசப்தம்!

சரி விடுங்க, அருப்புக்கோட்டையில மட்டும் இல்லை, அண்ணா சாலை பக்கத்து காலேஜ்லயும் இதே கதைதான். ஆனா, இந்த நிசப்தத்தைக் கலைக்கிறதையே ஒரு வேலையா எடுத்துக்கிட்டு ஊர் ஊரா அலைஞ்ச மனுஷர் ஒருத்தர் நம்ம சீமையில இருந்துதான் கிளம்பினார். ஏ.பி.ஜே. அப்துல் கலாம். அவரோட கிளாஸ் 2015 ஜூலை 27-ந் தேதி பாதியில நின்னு போச்சு. அந்த கிளாஸுக்கு நாம சரியா குட்பை சொல்லிட்டோமா? அதைத்தான் கொஞ்சம் பேசலாம் வாங்க.

நம்ம ஜில்லாக்காரர்!

"ராமேஸ்வரம் எங்கே, திருச்சுழி எங்கே? அவர் எப்படி நம்ம சீமை?"ன்னு கேட்கிறீங்களா? கேளுங்க, கேளுங்க, இன்னிக்கு அதுதானே மேட்டரே! கலாம் பிறந்தது 1931 அக்டோபர் 15. அப்போ அருப்புக்கோட்டை, திருச்சுழி, ராமேஸ்வரம் எல்லாமே ஒரே ராமநாதபுரம் ஜில்லா. 1985-லதான் விருதுநகர் தனி மாவட்டமா பிரிஞ்சுது. இன்னிக்கும் அருப்புக்கோட்டையில ரயில் ஏறினா, திருச்சுழி, நரிக்குடி தாண்டி மானாமதுரை. அங்கே இறங்கி மாறினா நேரா ராமேஸ்வரம். அதே வெயில், அதே கண்மாய், அதே சீமைக் கருவேலம்.

அவரோட கதை ஆரம்பிச்ச இடமும் ஒரு சாதாரண வகுப்பறைதான். ராமேஸ்வரம் தொடக்கப் பள்ளி, அஞ்சாம் வகுப்பு. சிவசுப்பிரமணிய ஐயர்னு ஒரு ஆசிரியர். கரும்பலகையில பறவை படம் போட்டு, அது எப்படிப் பறக்குதுன்னு விளக்கிட்டு, "புரிஞ்சுதா?"ன்னு கேட்டார். பத்து வயசுப் பையன் கலாம், புரியலைன்னு சொல்லிட்டான். கூட இருந்த பசங்களும் அதையே சொன்னாங்க.

வாத்தியார் கோபப்படலை. அன்னிக்கு சாயங்காலமே மொத்த கிளாஸையும் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போய், நிஜப் பறவைகளைக் காட்டி மறுபடி பாடம் நடத்தினார். 'பறக்கிறதுதான் இனி நம்ம வாழ்க்கை'ன்னு கலாம் முடிவு பண்ணினது அங்கேதான். வயசானப்புறமும் மேடை மேடையா இந்தக் கதையைத்தான் சொன்னார்.

யோசிச்சுப் பாருங்க. திருச்சி செயின்ட் ஜோசப்ஸ், சென்னை எம்.ஐ.டி., தும்பா, எஸ்.எல்.வி.-3, அக்னி, ராஷ்டிரபதி பவன்... இவ்வளவு பெரிய ரூட்டுக்கும் ஸ்டார்ட்டிங் பாயின்ட், "புரியலை சார்!"

ஒரு லட்சம் டார்கெட்

மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் பதவி... கார், பங்களா, மரியாதை எல்லாம் உண்டு. 2001 நவம்பர்ல அதை விட்டுட்டு அண்ணா பல்கலைக்கழகத்துல பாடம் நடத்த வந்துட்டார் கலாம். ஒரு லட்சம் மாணவர்களை நேர்ல சந்திச்சுப் பேசணும்ங்கிறது அவரே தனக்கு வெச்சுக்கிட்ட டார்கெட். வயசு 70!

அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, 2001 செப்டம்பர் 30-ந் தேதி, அவர் போன ஹெலிகாப்டர் பொகாரோவில் தரையிறங்கும்போது விபத்துல சிக்கிச்சு. எல்லாரும் உயிர் தப்பினாங்க. நாமளா இருந்தா ஒரு வாரம் மெடிக்கல் லீவ். அவர் நேரா ஒத்துக்கிட்ட நிகழ்ச்சிக்குப் போயிட்டார்.

குடியரசுத் தலைவர் ஆகச் சொல்லி பிரதமர் வாஜ்பாய்கிட்ட இருந்து போன் வந்தது 2002 ஜூன் 10. அன்னிக்கும் அண்ணா பல்கலைக்கழகத்துல கிளாஸ் எடுத்துட்டுத்தான் போனை வாங்கினார். 2007-ல பதவி முடிஞ்சதும், மறுபடி சூட்கேஸும் லேப்டாப்புமா வகுப்பறைக்கே திரும்பிட்டார்.

அவர் கிளாஸுக்குன்னு ஒரு ஃபார்முலா உண்டு. ஒரு குறள். தோத்த கதை ஒண்ணு. பெரும்பாலும் 1979 ஆகஸ்ட் 10 கதைதான். எஸ்.எல்.வி.-3 வங்கக் கடல்ல விழுந்த அன்னிக்கு, திட்ட இயக்குநரான கலாமை முன்னாடி தள்ளாம, தலைவர் சதீஷ் தவானே நிருபர்களைச் சந்திச்சுப் பொறுப்பை ஏத்துக்கிட்டார். 1980 ஜூலை 18-ல ஜெயிச்சப்போ, "நீ போய்ப் பேசு"ன்னு கலாமை அனுப்பினார். அடுத்து, மொத்த அரங்கமும் வரிக்கு வரி திருப்பிச் சொல்ற உறுதிமொழி. கடைசியா கேள்வி நேரம்.

அந்தக் கேள்வி நேரம்தான் கிளைமாக்ஸ். 2002 ஏப்ரல்ல குஜராத்தின் ஆனந்த் நகர்ல பள்ளிப் பிள்ளைங்க கூட்டம். நம்ம எதிரி யாருன்னு ஒரு கேள்வி வந்துது. கலாம் பதில் சொல்லலை. அதே கேள்வியைப் பிள்ளைங்ககிட்டேயே திருப்பி விட்டார். பல பதில் வந்துது. பிளஸ் டூ மாணவி ஒருத்தி சொன்ன பதில்: வறுமை. 'எழுச்சி தீபங்கள்' புத்தகத்தையே அந்த மாணவிக்குத்தான் சமர்ப்பணம் பண்ணினார். ஒரு பதிலுக்கு ஒரு புத்தகம்!

கேட்காமலே போன கேள்வி

2015 ஜூலை 27. ஷில்லாங் ஐ.ஐ.எம்.ல லெக்சர். வாழத் தகுந்த பூமியை உருவாக்குறது பத்தித்தான் அன்னிக்குப் பேச்சு. குவாஹாட்டியில இருந்து மலைப்பாதையில கார் பயணம். முன்னாடி போன பாதுகாப்பு ஜீப்புல ஒரு வீரர் துப்பாக்கியோட நின்னுக்கிட்டே வர்றதைப் பார்த்து, "அவரை உட்காரச் சொல்லுங்க"ன்னு வழி முழுக்கச் சொல்லிட்டே வந்தார். முடியலை. ஊர் போய்ச் சேர்ந்ததும் அந்த வீரரைக் கூப்பிட்டுக் கைகொடுத்து நன்றி சொன்னார்.

கூடப் பயணம் செஞ்ச அவரோட உதவியாளர் ஸ்ரீஜன் பால் சிங் அப்புறமா எழுதின இன்னொரு விஷயம்தான் மனசைப் பிசையுது. பார்லிமென்ட் அடிக்கடி முடங்கிக் கிடக்குதேன்னு கலாமுக்கு அன்னிக்குக் கவலை. லெக்சர் முடிஞ்சதும் மாணவர்களுக்குத் திடீர்னு ஒரு அசைன்மென்ட் கொடுக்கணும்னு பிளான். பார்லிமென்ட்டை நல்லா நடத்த மூணு புது யோசனை சொல்லுங்கன்னு கேட்கணும்.

சாயங்காலம் ஆறரை மணி வாக்குல மேடை ஏறினார். சில நிமிஷம் பேசினார். சரிஞ்சு விழுந்தார். அந்தக் கேள்வி கேட்கப்படவே இல்லை.

ஜூலை 30

அந்த மூணு நாளை ஞாபகம் இருக்கா? நீங்க அப்ப அஞ்சாங்கிளாஸோ ஆறாங்கிளாஸோ படிச்சிருக்கலாம். தமிழ்நாட்டுல எந்த முக்கு ரோட்டுக்குப் போனாலும் அந்த நரைமுடிச் சிரிப்பு போட்ட கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ். கட்சிக்காரங்க வெச்சது, ஆட்டோ ஸ்டாண்டு வெச்சது, நண்பர்கள் குழு வெச்சது.

ஜூலை 29-ந் தேதி டெல்லியில இருந்து மதுரை ஏர்போர்ட். அங்கிருந்து ஹெலிகாப்டர்ல மண்டபம். அப்புறம் பாம்பன் பாலம் தாண்டி ராமேஸ்வரம். 30-ந் தேதி பேக்கரும்புல அடக்கம். தமிழ்நாடு அரசு அன்னிக்குப் பொது விடுமுறை விட்டுது. லட்சக்கணக்கான சனம் அந்தத் தீவுக்குள்ள திரண்டுது. சினிமா ஸ்டாருக்குக் கூடுற கூட்டம் நமக்குப் புதுசில்லை. ஆனா இவரோட ரசிகர் மன்றம் யூனிஃபார்ம் போட்ட மன்றம்!

சிலர் அழுதுட்டு சும்மா இருக்கலை. 'ஒரு கோடி மரம் நடுங்க'ன்னு கலாம் சொன்னதை நடிகர் விவேக் கையில எடுத்துக்கிட்டு, 2021-ல தான் மறையுற வரைக்கும் ஊர் ஊரா மரக்கன்று நட்டார். அதுதான் குட்பைக்கு அழகு.

நாம? அக்டோபர் 15-ஐ இளைஞர் எழுச்சி நாள்னு கொண்டாடுறோம். சின்னப் பசங்களுக்கு வெள்ளி விக் மாட்டி விடுறோம். பேச்சுப் போட்டி வைக்கிறோம். 'கனவு காணுங்கள்'னு பேனர் கட்டுறோம். சிறப்பு விருந்தினர் பேசுறார், பொன்னாடை, நன்றியுரை, தேசிய கீதம், பஸ். எல்லாம் இருக்கு, கேள்வி நேரம் மட்டும் இல்லை. அவர் கிளாஸோட கிளைமாக்ஸையே கட் பண்ணிட்டு மிச்சப் படத்தை வருஷா வருஷம் ஓட்டுறோம் பாஸ்!

பத்து வருஷம் கழிச்சு, அதே மலையில...

இப்ப ஒரு ட்விஸ்ட். 2025 ஜூன் 25-ல நம்ம சுபான்ஷு சுக்லா விண்வெளிக்குக் கிளம்பினார். 1984-ல போன ராகேஷ் சர்மாவுக்கு அப்புறம் விண்வெளிக்குப் போன இந்தியர். சர்வதேச விண்வெளி நிலையத்துக்குள்ள காலடி வெச்ச முதல் இந்தியர். ஜூலையில அங்கிருந்து ஹாம் ரேடியோ மூலமா பள்ளி மாணவர்களோட பேசினார். அதுல ஒரு கூட்டம் எங்கே நடந்துது தெரியுமா? மேகாலயாவுல, ஷில்லாங் பக்கத்து உமியம் ஊர்ல இருக்கிற விண்வெளிப் பயன்பாட்டு மையத்துல!

400 கிலோமீட்டர் உயரத்துல பறக்கிற அந்த நிலையம் ஒரு ஊரோட தலைக்கு மேல அடிவானத்துக்கு அடிவானம் கடக்கிறதுக்குப் பத்து நிமிஷம்தான் ஆகும். அதுக்குள்ள கேட்டாத்தான் உண்டு. ஷூ லேஸ் கட்ட நேரமில்லை! அதனால பிள்ளைங்க கேள்வியோட ரெடியா நின்னாங்க. சாப்பாடு, தூக்கம், உடம்பு... கட்டகடன்னு கேட்டாங்க. கலாமோட கேள்வி நின்ன மலையிலேயே பிள்ளைங்களோட கேள்வி வானத்துக்குப் போச்சு.

திருச்சுழியில நின்னு என்ன கேட்கிறது?

"நமக்கெல்லாம் யாரு சார் ஹாம் ரேடியோ தருவா? கேட்கிறதுக்கு இங்கே என்ன இருக்கு?"ங்கிறீங்களா? உங்க காலடியைப் பாருங்க.

* கோடையில கரிசல் ஏன் பாளம் பாளமா வெடிக்குது? (அதுல இருக்கிற களிமண் தண்ணி குடிச்சா உப்பும், காஞ்சா சுருங்கும். அப்போ அதுல வீடு கட்டினா சுவர் என்ன ஆகும்?)

* சீமைக் கருவேலத்தை ஒழிக்கணும்ங்கிறோம். சரி, கரிமூட்டம் போட்டுப் பொழைக்கிற குடும்பங்களுக்கு மாத்து வேலை என்ன?

* காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில அடிக்கல் போட்டாங்க. குண்டாறு ஓடுற நம்ம ஊர்க் கண்மாய்க்குத் தண்ணி எப்ப வரும்?

* இஸ்ரோவோட 'புவன்' தளத்துல உங்க ஊர்க் கண்மாயோட சாட்டிலைட் படம் கிடைக்கும். தாத்தா சொல்ற கரை இப்பவும் அதே இடத்துல இருக்கா? பாருங்க, கேளுங்க.

* அருப்புக்கோட்டை வழியா தூத்துக்குடி போற நாலு வழிச் சாலையைப் பிடிச்சு, அப்படியே திருச்செந்தூரும் தாண்டினா குலசேகரன்பட்டினம். 2024 பிப்ரவரி 28-ல அங்கே ராக்கெட் தளத்துக்கு அடிக்கல் நாட்டினாங்க. ஏன் அங்கே? ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து தெற்கே போற ராக்கெட், இலங்கை மேல போகாம வளைஞ்சு போகணும். எரிபொருள் வீண். குலசையில அந்தப் பிரச்னை இல்லை, நேரா தெற்கே விடலாம். சரி, அங்கே வேலைக்குச் சேர என்ன படிக்கணும்? இதை உங்க புரொஃபசர்கிட்ட கேட்டீங்களா?

பிளஸ் டூ தேர்ச்சியில பல வருஷம் மாநிலத்துக்கே முதலிடம் பிடிச்ச மாவட்டம் நம்ம விருதுநகர் மாவட்டம். அதே மாவட்டம்தான் மத்திய அரசோட முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியல்லயும் இருக்கு, ராமநாதபுரத்தோட சேர்ந்து. மார்க் வாங்குறதுல நாம கில்லி. வாயைத் திறக்கத்தான் வெட்கம். 'நம்ம இங்கிலீஷைப் பார்த்துச் சிரிப்பாங்களோ'ன்னு ஒரு பயம். அந்த பயம் இன்டர்வியூ ரூம் வரைக்கும் கூடவே வந்து, வேலையைத் தட்டிப் பறிச்சுட்டுப் போகுது.

கூச்சத்துக்கு குட்பை – ஈஸி டிப்ஸ்

1. கெஸ்ட் லெக்சர் ஆரம்பிக்கும்போதே ஒரு கேள்வியை நோட்டுல எழுதிடுங்க. கடைசியில தேட வேண்டாம்.
2. தமிழ்லயே கேளுங்க. கலாம் பத்தாம் வகுப்பு வரை படிச்சது தமிழ் மீடியம்தான்.
3. முதல் கேள்வி கேட்கிறவனைக் கிண்டல் பண்றதில்லைன்னு உங்க கேங்குல சட்டம் போடுங்க.
4. அக்டோபர் 15 விழாவுக்கு உங்க காலேஜ்ல நோட்டீஸ் அடிக்கும்போது, 'கேள்வி நேரம் – 30 நிமிடம்'னு ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்க.
5. ஒண்ணும் தோணலையா? ரெண்டே வார்த்தை போதும். அஞ்சாங்கிளாஸ் பையன் சொன்ன அதே ரெண்டு வார்த்தை.

அடுத்த தடவை ஆடிட்டோரியத்துல "எனி கொஸ்டீன்ஸ்?"னு குரல் கேட்கும்போது, பப்ஸை மறந்துட்டு எழுந்து நில்லுங்க. கால் நடுங்கும், பரவாயில்லை. மைக் வரட்டும். கேட்டுடுங்க!