மேஜைமேல் ஒரு மில்லிங் மெஷின்

1952-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரு மில்லிங் மெஷின், ஆள் நின்று கைப்பிடியைத் திருப்பாமலேயே உலோகத்தைச் செதுக்கிக் காட்டியது. கட்டளை கொடுத்தது துளையிட்ட நாடா. அதைப் படித்து மெஷினை ஓட்ட அலமாரி அலமாரியாக வெற்றிடக் குழாய்கள் வேண்டியிருந்தன. செலவை ஏற்றது விமானப்படை. இன்று அந்த வேலையை உள்ளங்கையளவு ஆர்டுயினோ போர்டு பார்த்துவிடுகிறது. நார்வேக்காரரான சிமன் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் 2009-ல் இலவசமாக வெளியிட்ட, அந்த போர்டில் ஓடும் ‘ஜிஆர்பிஎல்’ என்ற மென்பொருள், இப்படிக் கணினிக் கட்டளைப்படி வெட்டும் ‘சிஎன்சி’யை வீட்டு மேஜைவரை கொண்டுவந்துவிட்டது.

புதிதாக இறங்குபவர்கள் பலர் முதலில் வாங்குவது ‘3018’ மெஷின். பெயரிலேயே அளவு இருக்கிறது: 30 செ.மீ.க்கு 18 செ.மீ. மூன்று ஸ்டெப்பர் மோட்டார், மூன்று திருகுத் தண்டு, வெட்டும் முனையான பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டில். கணினியில் வரைந்த படம் ‘ஜி-கோடு’ வரிகளாக மாறி இதற்குள் போகும். ‘ஜி1’ என்றால் நேர்கோட்டில் வெட்டிக்கொண்டு போ. ‘எம்5’ என்றால் ஸ்பிண்டிலை நிறுத்து.

மோட்டார் ஒரு சுற்றை 200 எட்டுகளில் முடிக்கும். சுற்றுக்கு 4 மி.மீ. நகர்த்தும் தண்டு என்றால், ஓர் எட்டுக்கு 0.02 மி.மீ. கணக்குக்குப் பிரமாதம்தான். ஆனால் சட்டம் வளைகிறது, நட்டில் ‘பிளே’ என்ற தளர்வு இருக்கிறது. போதாக்குறைக்கு, இந்த மெஷினுக்குக் கண் கிடையாது. மரக்கணுவில் பிட் சிக்கி மோட்டார் நாலு எட்டைத் தவறவிட்டாலும் அதற்குத் தெரியாது. மிச்ச வேலையை அப்படியே கோணலாகச் செய்து முடிக்கும்.

அக்ரிலிக்கில் பெயர்ப்பலகை செய்யும்போது புதியவர்கள் பயந்துபோய் ஃபீடை, அதாவது பிட் நகரும் வேகத்தை, குறைப்பார்கள். அங்கேதான் தப்பு. மெதுவாகப் போகும் பிட் வெட்டாமல் உரசுகிறது; சூட்டில் அக்ரிலிக் உருகிப் பிட்டிலேயே அப்பிக்கொள்கிறது. வேகமாக நகர்த்தினால் சீவல் கனமாக வரும், சூட்டையும் தன்னோடு எடுத்துப்போகும்.

இந்தச் சின்ன மெஷின் தன் விலைக்கு நியாயம் செய்வது சர்க்யூட் போர்டில். அமிலத்தில் ஊறவைக்காமல், தேவையில்லாத செம்பை மட்டும் சீவி எடுத்துப் பாதைகளைப் பிரித்துவிடலாம். செம்புப் படலத்தின் தடிமன் பொதுவாக 0.035 மி.மீ.தான். போர்டோ அதைவிட அதிகமாகவே மேடுபள்ளமாக இருக்கும். கூர்முனைப் பிட் கொஞ்சம் ஆழமாகப் போனால் கோடு அகன்று, மெல்லிய பாதை காணாமல் போகும். மேலே நின்றால் செம்பு அறுபடாது. இதற்கு ஒரு நல்ல உபாயம் உண்டு. ஒரு கம்பியைச் செம்பிலும் இன்னொன்றைப் பிட்டிலும் மாட்டி, ஸ்பிண்டிலை ஓடவிடாமல் போர்டில் அங்கங்கே தொட்டுப் பார்க்கச் சொல்வார்கள். தொட்டதும் மின்சுற்று மூடும், உயரம் பதிவாகும். அந்த அளவுகளை வைத்து மென்பொருள் ஒவ்வொரு வரியின் ஆழத்தையும் திருத்திக்கொள்ளும்.

போர்டில் கண்ணாடி இழை இருப்பதால் அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசமும் வேக்குவமும் கட்டாயம். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும், கையுறை மட்டும் கூடவே கூடாது. சுழலும் பிட் அதோடு விரலையும் இழுத்துவிடும்.

அலுமினியத்தையும் ஒரு நடைக்கு மெல்லிசாக, பொறுமையாக வெட்டிவிடலாம். எஃகை இது தாங்காது. எஃகில் பாகம் வேண்டுமென்றால் கோவையிலோ அம்பத்தூரிலோ ஜாப் ஒர்க் பட்டறையைத் தேடவேண்டியதுதான். அங்கேயும் ‘ஜி1’ நேர்கோடுதான். ஆனால் வீட்டு மெஷினுக்குப் போட்ட ஆழமும் வேகமும் அங்கே உதவாது. கையில் வரைபடம் இருந்தால் போதும், புரோகிராமைப் பட்டறைக்காரரே புதிதாகப் போட்டுக்கொள்வார்.