'வழக்கமான குற்றவாளி' என்னும் முத்திரையும் வணிகர்களும்

சரித்திரப் பதிவேடு, நன்னடத்தைப் பிணையம் என்றால் அது திருடனுக்கும் ரவுடிக்கும் உரியது, மளிகைக் கடைக்காரருக்கு என்ன சம்பந்தம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். சட்டம் அப்படி எண்ணவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 129-ஆம் பிரிவாகியிருக்கிறது. திருடர், திருட்டுப் பொருள் வாங்குவோர் ஆகியோரோடு, அத்தியாவசியப் பொருட்கள் சட்டக் குற்றம், கலப்படம், பதுக்கல், கொள்ளை லாபம் இவற்றை வழக்கமாகச் செய்பவரும் அந்தப் பிரிவில்தான் வருகிறார். மூன்றாண்டு வரை நன்னடத்தைக்குப் பிணையம் கேட்கலாம். லீ பஜார் வெல்ல மண்டிக்கும், ஜவ்வரிசி ஆலைக்கும், ராசிபுரம் நெய் வியாபாரத்துக்கும் இது எட்டாத சட்டமல்ல. பிணையம் எழுதிக் கொடுத்தவர் என்று பெயர் பரவிவிட்டால் கடனுக்குச் சரக்கு யார் அனுப்புவார்?

பிரிவின் உயிர் 'வழக்கமாக' என்ற சொல்லில் இருக்கிறது. பீகார் மாநிலக் குற்றத் தடுப்புச் சட்டத்தில் இருந்த இதே சொல்லுக்கு 1984-இல் விஜய் நாராயண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் பொருள் கூறியது: திரும்பத் திரும்ப, தொடர்ச்சியாக, ஒரே இழையில் கோத்தாற்போல் நடந்திருக்க வேண்டும், ஒற்றைச் செயல் போதாது. ஒரு தடவை எடுத்த சாம்பிள் தேறவில்லை என்பதற்காக ஒருவரை வழக்கமான கலப்படக்காரர் என்று எழுதுவது செல்லாது என்றே நாம் கருதுகிறோம்.

முத்திரை குத்துவதன் விளைவை நம் சேலம், நாமக்கல் பகுதி நன்கு அறியும். சீர்மரபினர் பட்டியலில் இன்றும் சேலம் உப்புக் குறவர், சேலம் மேல்நாட்டுக் குறவர், ஆத்தூர் மேல்நாட்டுக் குறவர் என்ற பெயர்கள் இருக்கின்றன. உப்புக் குறவர் யார்? கடற்கரை உப்பை மாட்டிலும் கழுதையிலும் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுவந்து தானியத்துக்கு மாற்றியவர்கள். நம்மைப் போல வியாபாரிகள்தாம். ரயிலும், அரசின் உப்புக் கொள்கையும் அவர்கள் தொழிலைப் பறித்தன. பிழைப்பு இழந்து அலைந்தவர்களை 1911-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் பிறவிக் குற்றவாளி ஆக்கியது. அந்த அறிவிப்பை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-இல் அது ரத்தானது. மறு ஆண்டே வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. சாதியின் பேர் போய் ஆளின் பேர் வந்தது, அவ்வளவே.

இன்று கேள்வி கேட்க வழி உண்டு. காவல் நிலையத்தில் வைக்கும் கண்காணிப்புப் பதிவேடு பற்றி 1980-இல் மலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயம் சொன்னது. பெயர் சேர்க்குமுன் நம்மைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டியதில்லை. இது நமக்குப் பாதகம். ஆனால் நியாயமான நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமல் சேர்க்கக் கூடாது, எதிர்த்துப் போனால் அந்த ஆதாரத்தைக் காவல்துறை நீதிமன்றத்துக்குக் காட்ட வேண்டும். நள்ளிரவில் கதவைத் தட்டும் சோதனையை 1962-லேயே கரக் சிங் வழக்கில் செல்லாதென்றார்கள். 2024 மே மாதம் டெல்லி அமானதுல்லா கான் வழக்கில், சரித்திரப் பதிவேடு காவல்துறையின் உள் ஆவணம், ஊரறியக் காட்டும் காகிதமல்ல என்று கூறி, எல்லா மாநிலங்களும் தம் நடைமுறையைத் திருத்துவது பற்றிப் பரிசீலிக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். பின்தங்கிய வகுப்பினரும் சீர்மரபினரும் கண்மூடித்தனமாகச் சேர்க்கப்படுவது பற்றியும் அது கவலை தெரிவித்தது.

பெயர் ஏறிவிட்டதென்று தெரிந்தால், வழக்கு எண், விடுதலையான தீர்ப்பு நகல், கடைசி வழக்குக்குப் பின் கடந்த ஆண்டுகள் இவற்றைக் காட்டிக் காவல் கண்காணிப்பாளருக்கு, சேலம் மாநகரமானால் ஆணையருக்கு, பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள். பயனில்லையெனில் அரசியல் சாசனத்தின் 226-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. நமது இரு மாவட்டங்களும் சென்னை அமர்வுக்கு உட்பட்டவை, மதுரைக் கிளைக்கு அல்ல.

பிணைய நோட்டீஸ் வந்தால் முதலில் கையெழுத்தைப் பாருங்கள். மாநகரங்களில் காவல் துணை ஆணையர்களே நிர்வாக நடுவர்களாக இருந்து விசாரிக்க அதிகாரம் தந்த அரசாணைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் ரத்து செய்தது. பிடிப்பவரே தீர்ப்பும் எழுதுவது என்ன நியாயமோ! நோட்டீஸில் நம்மீது வந்த தகவலின் சாரம் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லையேல் அதையே ஆட்சேபமாக எழுப்பலாம்.

இந்த விசாரணையில் ஒரு விநோதம் உண்டு. ஒருவர் வழக்கமான குற்றவாளி என்பதை ஊரார் பேச்சைக் கொண்டே நிரூபிக்கலாம். ஆகவே நாமும் ஊராரைக் கொண்டே மறுக்கலாம். எதிர்க்கடைக்காரர், சரக்கு போடும் மண்டிக்காரர், நாள்பட்ட வாடிக்கையாளர் ஆகியோரின் சாட்சியம் இங்கே வெறும் சிபாரிசல்ல, சான்று. கொள்முதல் பில்களையும், மாதிரி தேறிய ஆய்வறிக்கைகளையும் கூடவே வையுங்கள். விசாரணை தொடங்கி ஆறு மாதத்தில் முடியாவிட்டால், சிறப்புக் காரணத்தை எழுத்தில் பதிந்து நடுவர் நீட்டித்தாலன்றி, நடவடிக்கை தானாக முடிந்துவிடும். முதலில் ஆஜரான தேதியை மறவாமல் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.